பதிமூன்று புள்ளி ஒன்று அடி

திண்டுக்கல்,
14 மே, இரவு

மணி,

இதை யாரிடமும் காட்டாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதை நம்பித்தான் இதை அவர் கூடையில் வைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இந்த வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரையும் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

காலையில் அவர் பூ கொண்டுவரும்போது நான்தான் வாசலுக்குப் போவேன். பால் கவர் ஒன்றைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். அதற்குள் கடிதத்தை வைத்து, கூடையில் ஈரத்துணிக்கு அடியில் செருகிவிடுவேன். பதில் எழுதினால் நீயும் அதே கவரில் போட்டு அனுப்பு. போன் இல்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே அத்தா வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அறுநூற்றுக்கு முந்நூற்று எழுபத்தொன்று. அது உனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் அன்புக்கரசி மிஸ் என்னைப் பார்த்து, "இவளுக்கு இருக்கிற மூளைக்கு ஏன் இப்படி?" என்று கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அவ எங்க மிஸ் படிச்சா? ஃபிசிக்ஸ் நோட்டுக்குப் பின்னாடி ஆத்தூர் டேம்ல எத்தன அடி தண்ணின்னு தெனம் எழுதிக்கிட்டு இருப்பா." எல்லாரும் சிரித்தார்கள். அத்தா உனக்குப் பின்னால் லட்டுப் பெட்டியோடு நின்றிருந்தார். நீ அவரைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டைக் கேட்டார். அறுநூற்றுப் பதினொரு நாள் நீர்மட்டம். தோல் மண்டியில் ஒவ்வொரு தோலாகப் புரட்டி எங்கே ஓட்டை என்று பார்ப்பாரே, அப்படி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். திட்டவில்லை. "இது எந்தப் பரீட்சைக்கும்மா?" என்றுதான் கேட்டார். நோட்டும் பீரோவுக்குள் போய்விட்டது.

ஜூன் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்னை நாமக்கல்லுக்கு அனுப்பப்போகிறார்கள். இப்போது எழுதிய நீட்டுக்கு ரிசல்ட் வரும்வரைகூடக் காத்திருக்காமல், அங்கேயே தங்கி ஒரு வருடம் மறுபடி படிக்க வேண்டுமாம்.

நீ வேண்டுமென்றே சொன்னாயா, மணி? அதை மட்டும் சொல். அப்புறம், இன்றைக்கு அணையில் எத்தனை அடி? பேப்பரை அஸ்பாக் அண்ணன் காலையிலேயே மண்டிக்கு எடுத்துப் போய்விடுகிறான்.

இஃப்பத்


ஆத்தூர்,
16 மே

இஃப்பத்துக்கு,

எரித்துவிட்டேன். "பாயம்மா வீட்டுப் பாப்பா குடுத்துச்சு, ஏதோ பரீட்சைப் பேப்பராம்ல" என்று அம்மா கொடுத்தார். கவர் நனைந்திருந்தது, கடிதம் நனையவில்லை.

உன் அத்தா பின்னால் நின்றது சத்தியமாக எனக்குத் தெரியாது. வேண்டுமென்றே சொன்னேனா என்று கேட்கிறாய். கொஞ்சம் வேண்டுமென்றேதான்.

டிசம்பரில் பஸ் ஸ்டாண்டில் வைத்து எல்லார் முன்னாலும் என்னைக் கிளி என்றாய். "நீ ஒப்பிக்கிறடி மணி. கேள்வியக் கொஞ்சம் மாத்திக் கேட்டா செத்துருவ." காலையில் நாலு மணிக்கு எழுந்து அப்பாவோடு பூப் பறித்துவிட்டு, அந்தக் கையோடு புத்தகத்தை எடுப்பேன். எனக்குப் புரிவதற்கு நேரம் இல்லை. அதனால் மனப்பாடம் செய்தேன். புரியவைத்தது நீதான், அதை நான் மறுக்கவில்லை. நீ சொல்லித் தந்த கணக்கில் எனக்குத் தொண்ணூற்றெட்டு, உனக்கு ஐம்பத்தாறு. அது என் தப்பா?

ஐந்நூற்று நாற்பத்தெட்டு என்று வீட்டில் சொன்னேன். "பாஸாத்தா?" என்று கேட்டார் அப்பா. ஆமாம் என்றேன். "சரி" என்று தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். அம்புட்டுதான். முந்நூற்று எழுபத்தொன்றுக்கு உன் வீட்டில் லட்டு வாங்கி வந்தார்கள் என்பதையும் நீதான் எழுதியிருக்கிறாய்.

நேற்று சாயங்காலம் 12.8.

மணிமேகலை


திண்டுக்கல்,
18 மே, இரவு

மணி,

உன்னைக் கிளி என்று சொன்னது பயத்தில்தான். நீ உழைத்துக்கொண்டிருந்தாய். என்னிடம் காட்டுவதற்குக் கெட்டிக்காரி என்ற பெயர் மட்டும்தான் இருந்தது. அதுவும் போய்விடும் என்று தெரிந்த அன்றைக்குத்தான் அப்படிச் சொன்னேன். மன்னித்துக்கொள் என்று எழுதினால் போதாது, ஆனாலும் எழுதுகிறேன்.

இப்போது சொல்லப்போவதை நான் யாருக்கும் சொன்னதில்லை. நீட்டில் நூற்றெண்பது கேள்வி. நான் அறுபத்தொன்றுக்குத்தான் பதில் போட்டேன். தெரியாமல் விட்டது கொஞ்சம்தான். பிடித்த கேள்விகளை எழுதிவிட்டு, மற்றவை வரும்போது கை நகரவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வீணாகிறது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் அத்தா அந்த வெயிலில் இளநீரோடு நிற்கிறார். கையில் பிடித்துப் பிடித்து இளநீரே சூடாகிவிட்டது. "எப்பிடிம்மா?" என்றார். "நல்லா எழுதிருக்கேன் அத்தா" என்றேன். அந்த ரிசல்ட் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

நேற்று பக்ருதீன் மாமா வந்தார். ஹாலில் உட்கார்ந்து எல்லாரும் என்னைப் பற்றிப் பேசினார்கள். நான் அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டே கேட்டேன்.

"புத்தி இருக்கு மச்சான், முனைப்பு இல்ல. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னே இப்பக் கோர்ஸ் வந்துருக்கு. டயாலிசிஸ் டெக்னீஷியன் இருக்கு, பி.சி.ஏ. இருக்கு, ஃபேஷன் டிசைனிங் இருக்கு. கண்ண மூடிக்கிட்டு மூணு வருசத்த ஓட்டிரலாம்."

"தூங்குறதுல டிகிரி இருந்தாச் சொல்லுங்க மாமா, இவ கோல்டு மெடலே வாங்கிருவா" என்றான் அண்ணன்.

அத்தா சிரிக்கவில்லை. "பத்தாவதுல படிக்காமலே நானூத்தி எம்பது வாங்குன பிள்ள. மண்டில எல்லாரும் டாக்டரம்மா எப்பிடி இருக்குன்னுதான் கேக்குறாங்க. ஒரு வருசம் நாமக்கல்ல போட்டா எல்லாம் சரியாயிரும்" என்றார். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போடுவதைப் பற்றியும் அவர் இதே குரலில்தான் பேசுவார்.

உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவரும் அடுப்படிப் பக்கம் திரும்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் தெரியவில்லை. எனக்கு அதுதான் அதிகப் பயம்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒட்டியிருந்த அரசுக் கல்லூரிப் பட்டியல் ஞாபகம் வந்தது. மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. புவியியல் என்று போட்டிருந்தது. இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். என் மார்க்குக்கும் கிடைக்கும். இருபத்தேழாம் தேதிக்குள் ஆன்லைனில் விண்ணப்பம் போட வேண்டும். நீ போடுவாயா? என் பரீட்சை நம்பர், ஆதார் நம்பர், பிறந்த தேதி எல்லாம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பஸ் பாஸுக்கு எடுத்த போட்டோவும் கவருக்குள் இருக்கிறது.

முடியாது என்றால் முடியாது என்று எழுது. நீர்மட்டத்தை மட்டும் நிறுத்திவிடாதே.

இஃப்பத்


ஆத்தூர்,
22 மே

இஃப்பத்,

போட்டுவிட்டேன்.

இ-சேவை மையத்தில் ஒரு மணி நேரம் வரிசை. கம்ப்யூட்டரில் ஆண்டிச்சாமி அண்ணன். "யாருக்கும்மா?" "ஃப்ரண்டுக்குண்ணே." "ஜாக்ரஃபியா? படிச்சு முடிச்சிட்டு என்ன, ரோட்டுல மேப்பு விக்கவா?" எனக்கு வந்ததே கோபம். "நீங்க கம்ப்யூட்டர் படிச்சிட்டு ரேஷன் கார்டுதான லேமினேஷன் போட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். "ஆத்தாடி, பூக்கார ஜக்கம்மா மகளுக்கு வாயப் பாரு" என்றார். ஆனால் நல்லவர். ஒவ்வொரு கட்டமாக நிதானமாகப் போட்டார். அவர் கேட்கக் கேட்க நான் பேப்பரைப் பார்க்காமலே சொன்னேன். கடிதம் கிடைத்த அன்றைக்கே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன், பேப்பர் அம்மா கண்ணில் படக் கூடாது என்று. கிளி என்றாயே, உனக்கு விண்ணப்பம் போட்டது அந்தக் கிளிதான்.

இதைக் கோபத்தோடு எழுதவில்லை. சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.

இனி ஒன்று கேட்பேன், கோபப்படாதே. சீட் கிடைத்தால் நீ உண்மையிலேயே போவாயா? இல்லை, இதையும் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாயா? எனக்காகக் கேட்கிறேன். நான் வரிசையில் நின்றிருக்கிறேன்.

12.5. ஓரத்தில் சேறு தெரிய ஆரம்பித்துவிட்டது.

மணி


திண்டுக்கல்,
25 மே, இரவு

மணி,

"மணி" என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். அதை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு மீதியை எரித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில்: தெரியவில்லை. போவேன் என்று எழுதினால் அது இளநீர் குடித்துக்கொண்டே சொன்ன பொய் மாதிரி ஆகிவிடும்.

தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். பிளஸ் ஒன்னில் உன் ஊருக்கு வந்தபோது அணையைக் காட்டினாய். கல்லில் அடிக்கணக்கு எழுதியிருந்தது. ஓர் ஆள் வந்து எட்டிப் பார்த்து, ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு போனார். அந்தத் தண்ணீர்தான் எங்கள் தெருக் குழாயில் வருகிறது என்று நீ சொன்னாய். குழாயில் தண்ணீர் வராத நாளெல்லாம் எங்கள் தெருவில் குடத்துக்குச் சண்டை. அந்த ஆள் குறித்த எண்ணுக்கும் இந்தச் சண்டைக்கும் சம்பந்தம் உண்டு என்று தோன்றியதும் எழுத ஆரம்பித்தேன். மேலே மலையில் மழை பெய்தால் எத்தனை நாளில் எண் ஏறும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துப் பார்ப்பேன். போன நவம்பரில் ஒருநாள் புள்ளி பிசகாமல் சரியாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. யாரும் செய்யச் சொல்லவில்லை என்பதால்தான் செய்தேனோ என்னவோ. கல்லூரியில் அதையே பாடமாக வைத்துப் பரீட்சை வைத்தால் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயம்.

அம்மா நாமக்கல்லுக்கு வாளி வாங்கி வந்திருக்கிறார். ரோஸ் கலர். ஆணியைச் சுடவைத்து அதில் என் பெயரை எழுதச் சொன்னார். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கன சாப்பாடெல்லாம் நல்லா இருக்குமாடி?" என்றார். கேட்க வந்தது அது இல்லை என்று தெரிந்தது. "இருக்கும்மா" என்றேன். வாளியைத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து போனார். வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம். நாள் முழுக்க நான் பேசியதை எண்ணினால் இருபது வார்த்தை தேறாது. உனக்கு எழுதுவதுதான் பேச்சு.

இஃப்பத்


ஆத்தூர்,
31 மே

இஃப்பத்,

உட்கார்ந்து படி. நான் ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டேன்.

முதலில் நல்ல செய்தி. நேற்று மெசேஜ் வந்தது. ஜூன் நான்காம் தேதி புதன்கிழமை, காலை பத்து மணிக்கு உனக்கு அந்தக் கல்லூரியில் கலந்தாய்வு. மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் ஒரிஜினல் கொண்டுபோக வேண்டும். போகாவிட்டால் சீட் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மெசேஜைப் பார்த்த பிறகுதான் விண்ணப்பப் பிரதியை முழுதாக வாசித்தேன். மாணவர் எண் என்ற இடத்தில் என் நம்பர் இருக்கிறது. அதற்குக் கீழே பெற்றோர் எண் என்று ஒரு கட்டம். அதில் உன் அத்தாவின் நம்பர்.

ஆண்டிச்சாமி அண்ணன் "அப்பா நம்பர்" என்று ஆரம்பித்ததும் நான் சொல்லிவிட்டேன். உனக்கென்று போன் வருவதற்கு முன்னால் உன்னோடு பேச வேண்டும் என்றால் அந்த நம்பருக்குத்தானே அடிப்பேன். நாக்கில் அதுதான் இருந்தது. கேள்வியை முழுதாகக் கேட்காமலே ஒப்பித்துவிட்டேன், நீ கிளி என்று சொன்னது சரிதான். எனக்கு வந்த மெசேஜ் அவருக்கும் போயிருக்கும். நேற்றே போயிருக்கும்.

ராத்திரி அழுதேன். "எவளாச்சும் சண்டை போட்டாளா?" என்று அம்மா கேட்டார். இல்லை என்றேன். எனக்குக் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் கிடைத்துவிடும் போலிருக்கிறது. அதை உனக்குச் சந்தோஷமாக எழுத நினைத்திருந்தேன். அங்கே போனால் புரியாததை யாரிடம் கேட்பேன் என்று அதற்கும் சேர்த்து அழுதேன்.

நான்காம் தேதி ஒன்பது மணிக்கே அந்தக் கல்லூரி வாசலில் நிற்பேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் மதியம் வரை நிற்பேன்.

12.6. நேற்றிலிருந்து மலையில் இடி இடிக்கிறது.

மணி


திண்டுக்கல்,
3 ஜூன், இரவு

மணி,

நீ அழாதே. அந்தக் கட்டத்தை யார் நிரப்பினாலும் அந்த நம்பரைத்தான் போட்டிருப்பார்கள். அவர்தானே என் அத்தா.

உன் கடிதம் கிடைத்து மூன்று நாள் ஆகிறது. அத்தா ஒன்றுமே கேட்கவில்லை. வழக்கம்போல மண்டிக்குப் போகிறார், வருகிறார், தொழுகிறார், சாப்பிடுகிறார். பார்க்காமல் விட்டுவிட்டாரோ என்றுகூட நம்பினேன்.

இன்று மதியம் அம்மா பக்கத்து வீட்டுக்குப் போனபோது பீரோவைத் திறந்தேன். சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், இதுவரை தொட்டதில்லை. என் நீலக் கலர் ஃபைல் அங்கே இல்லை. சான்றிதழ் எல்லாம் அதில்தான் இருந்தது. என் நோட்டும் இல்லை. போன் மட்டும் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. பீரோவைப் பூட்டிச் சாவியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

காலையில் உன் அம்மா பூவை அளந்து கொடுத்துவிட்டு, குனிந்து என் காதில் சொன்னார்: "மணி சொல்லச் சொல்லுச்சு தாயி, பதிமூணு புள்ளி ஒண்ணாம். என்னா ஏதுன்னு எனக்குத் தெரியாது. மறக்காமச் சொல்லிரணும்னு பஸ்ஸுல வாரப்ப பூராம் சொல்லிக்கிட்டே வந்தேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது. பூ வாசம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

அதனால்தான் ராத்திரி மாட்டிக்கொண்டேன்.

சாப்பிடும்போது அத்தா, தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆத்தூர் டேம்ல இப்பத் தண்ணி எம்புட்டு இருக்கு?" என்று கேட்டார்.

"டேமையும் வெலைக்கு வாங்கப்போறீங்களா அத்தா?" என்று அண்ணன் சிரித்தான். அத்தா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"பதிமூணு புள்ளி ஒண்ணு" என்றேன்.

"பேப்பர்ல பன்னெண்டு புள்ளி ஒம்பதுன்னு போட்டுருக்கான்."

"அது முந்தா நாள் கணக்கு அத்தா. மேல மழை பெஞ்சா ரெண்டு நாள்ல ஏறும். நேத்து ஏறிருச்சு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. போன் இல்லாத, வாசலைத் தாண்டாத பெண்ணுக்கு நேற்றைய நீர்மட்டம் எப்படித் தெரியும்? அம்மா வெஞ்சனக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அத்தா என்னைப் பார்த்தார். ரிசல்ட் வந்த பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. "ரெண்டு நாள்லயா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். பாதிச் சோற்றில் கை கழுவ எழுந்துவிட்டார்.

அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, மணி. ஃபைலை நாளைக்காக எடுத்துவைத்திருக்கிறாரா, நான் எடுத்துவிடக் கூடாது என்று ஒளித்துவைத்திருக்கிறாரா? ரோஸ் வாளி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. உன் அம்மாவை யாராவது ஏதாவது சொன்னால் நான்தான் காரணம் என்று சொல்லிவிடுவேன். அதில் பயம் இல்லை.

விண்ணப்பம் போட்ட அன்றைக்கு நீ கேட்டாயே, உண்மையிலேயே போவாயா என்று. இன்றைக்கு அத்தா கேட்டதும் எண்ணைச் சொல்ல ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் வாழ்க்கையில் எந்தக் கேள்விக்கும் அவ்வளவு வேகமாக நான் பதில் சொன்னதில்லை. போவேன். பிடிக்காமல் போனால் அதையும் உனக்கு எழுதுவேன், ஆனால் போவேன். நாளைக்கு ஒன்பது மணிக்கு நீ வாசலில் நிற்கும்போது

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அண்ணன் என்றால் காலால் உதைப்பான். அம்மா தட்டவே மாட்டார், கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்துவிடுவார். இது இரண்டு விரலால் மெதுவாக. அத்தா இதுவரை என் கதவைத் தட்டியதே இல்லை.

மறுபடியும் தட்டுகிறார். ஃபைல் மாதிரி ஏதோ சரசரக்கிறது. சரியாகக் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை ஒளிக்கப்போவதில்லை. மேஜைமேல் இப்படியே விட்டுவிட்டுத்தான் திறக்கப்போகிறேன். நீட்டில் அறுபத்தொன்றுக்குத்தான் பதில் போட்டேன் என்பதையும் நானே சொல்லிவிடுவேன், ரிசல்ட் வந்து சொல்ல வேண்டாம். முதலில் அந்த இளநீர்ப் பொய்யை